நாய்க்கும் சேர்த்துத்தான் காப்பு

இரண்டு வருசத்துக்கு முந்தி, டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சின்னச் சண்டை வந்தது. எங்கள் குழுவில் மூன்று பேர் அந்த லயத்துப் பிள்ளைகள். அதில் ஒருவருடைய தங்கைக்கு அப்போது ஒன்பது வயசு. மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வரிசையில் நின்றவள், பக்கத்தில் மணியையும் நிறுத்தியிருந்தாள். மணி அவர்கள் வீட்டு நாய்.

"கைய நீட்டு கொழந்த. நாய அங்கிட்டு வெரட்டு" என்றார் பூசாரி.

"மணிக்கும் கட்டுங்க தாத்தா."

கோயிலடியில் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஆளாளுக்கு விதி பேச ஆரம்பித்தார்கள். காப்புக் கட்டினால் கவுச்சி தின்னக் கூடாதே, நாய் கேக்குமா என்றார் ஒருவர். காப்புக் கட்டினவங்க எல்லை தாண்டக் கூடாது, இது ராத்திரியானா ஸ்டோர் பக்கம் ஓடிப்போயிருமே என்றார் இன்னொருவர். வைரவருக்கு வாகனமே நாய்தானே, கட்டினால் என்ன குத்தம் என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. கடைசியில் அந்தப் பிள்ளையின் அப்பாயி சொன்னார்: "காப்ப ஆளுக்கா கட்டுறோம்? வாசலுக்குக் கட்டுறோம். வாசல்ல கெடக்குறதுக்கெல்லாம் சேத்துத்தான்."

பூசாரி ஒரு நடுவழி கண்டுபிடித்தார். "நான் கட்ட மாட்டேன். மிச்சக் கயிறு இந்தா, நீயே கட்டிக்க" என்று ஒரு துண்டைக் கொடுத்தார். அவள் மணியின் கழுத்தில் கட்டினாள். சண்டை முடிந்தது.

ஏழு வாரம் கழித்து அந்தக் கேள்வி எங்களுக்கு விளையாட்டாக இல்லை. அதைப் பின்னால் சொல்கிறோம். காப்பு யாருக்கெல்லாம் சேரும், அந்த விதியை எப்படி வாசிப்பது என்று தேடிப் போனபோது அது எங்களை டிக்கோயாவின் நூற்றைம்பது வருசக் கதைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் அந்தக் கதை.

ஒரு விதி, மூன்று வாசிப்பு

கோயிலடியில் நடந்த வாக்குவாதத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வாசிப்புகள் கிடைக்கின்றன.

முதலாவது, காப்பு ஆளுக்கு உரியது. விரதம் இருப்பவர், சொல்லை விளங்கிக்கொள்பவர், கட்டுப்பாட்டை ஏற்பவர்தான் அதற்குத் தகுதி. இந்தக் கணக்கில் நாய் வெளியே.

இரண்டாவது, காப்பு தொடுகையால் பரவும். மந்திரித்த கயிறோ திருநீறோ எதன்மேல் படுகிறதோ அதற்குக் காவல். கயிறு மணியின் கழுத்தில் இருந்தால் மணிக்கும் காவல். கயிறு அறுந்தால் காவலும் போச்சு.

மூன்றாவது, அப்பாயி சொன்னது. காப்பு எல்லைக்கு உரியது. அந்த எல்லைக்குள் படுத்து எழும்பும் எல்லாமே அதில் அடக்கம்.

நம்மில் பலர் விளையாடுகிற 'டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்' ஆட்டத்திலும் இதே கேள்வி உண்டு. அதன் மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தது. மந்திரக்காரர் தன்மேல் போட்டுக்கொள்ளும் காவல் மந்திரத்தைத் தன்னோடு வரும் விலங்குக்கும் பகிரலாம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. ஆனால் விலங்கு ஐந்து அடிக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போனால் மந்திரம் அதைவிட்டுப் போய்விடும். திரும்பி வந்தாலும் ஒட்டாது.

மாரியம்மன் காப்பு விதி இதற்கு நேர்மாறு. காப்புக் கட்டிய பிறகு ஊரெல்லை தாண்டக் கூடாது என்பது பொது வழக்கம். ஆனால் வயிற்றுப் பிழைப்புக்கு யாராவது வெளியே போகத்தானே வேண்டும்? அதற்கும் ஊர்கள் வழி வைத்திருந்தன: போகலாம், ஆனால் ராத்திரி படுக்கைக்கு வந்துவிட வேண்டும். எவ்வளவு தூரம் போனாய் என்பதல்ல கணக்கு, எங்கே வந்து படுக்கிறாய் என்பதுதான். ராத்திரி ஸ்டோர் பக்கம் ஓடிவிட்டு விடிவதற்குள் இஸ்தோப்பில் வந்து சுருண்டுகொள்ளும் நாயும் இந்த விதிப்படி தவறு செய்யவில்லை.

ஊரிலிருந்து வந்த வழக்கம்

அப்பாயி இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. டிக்கோயாவுக்கு ஆட்கள் வந்து சேர்ந்த இடங்களைப் பார்த்தால் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இங்கே வந்தவர்களில் பெரும்பகுதி திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் சனங்கள். அதில் சேலம், கொங்குப் பக்கத்தில் போகிக்குக் 'காப்புக் கட்டு' என்றே பெயர். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு நிலையில் செருகுவார்கள். அதோடு விடுவதில்லை. மாட்டுப்பட்டிக்கும் வயலுக்கும் கிணற்றடிக்கும் அதே கொத்துதான். மனுசருக்கு ஒரு காப்பு, மாட்டுக்கு ஒரு காப்பு என்று தனித்தனிக் கணக்கில்லை.

மாட்டுப் பொங்கலிலும் அப்படித்தான். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அன்று சாயங்காலம் பட்டி வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, வைக்கோலைக் கொளுத்தி, மாட்டைத் தாண்ட வைப்பார்கள். வெளியே எதைச் சுமந்து வந்தாலும் வாசலிலேயே கழித்துவிட்டு உள்ளே வா என்பது அதன் பொருள். இங்கேயும் காவல் இருப்பது வாசலில்தான்.

இதைவிட நேராக நாயைப் பற்றியே பேசும் கதை ஒன்று நம் தோட்டங்களில் கூத்தாகவே ஆடப்படுகிறது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் மலையகத்தின் பெரிய கூத்துகள். பொன்னர் சங்கர் கதை கொங்கு மண்ணுக்குரியது. 1960களில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அதைக் கொங்கு நாட்டில் ஒலிப்பதிவு செய்து, பின்னர் நூலாகவும் கொண்டுவந்தார். அதில் பொன்னாச்சி என்று ஒரு சின்னப் பெண் நாய் வருகிறது. கொம்பன் என்கிற காட்டுப்பன்றியை வேட்டையாட அண்ணன்மார் புறப்படும்போது நாய்களையெல்லாம் கூட்டிக்கொண்டு இவளை மட்டும் விட்டுவிடுகிறார்கள். இவளிடமும் மந்திரசக்தி இருக்கிறது. அவளுடைய கோபத்தில் மற்ற நாய்கள் நோயில் விழுகின்றன. வேட்டை நின்றுபோகிறது. கடைசியில் அண்ணன்மார் இறங்கிவந்து, மரியாதை செய்து அழைத்த பிறகுதான் காரியம் நடக்கிறது. கொம்பனை வீழ்த்துவதில் அந்தச் சின்ன நாய்க்கும் பங்கு உண்டு.

காவல் வட்டத்துக்கு வெளியே ஒருத்தியை விட்டால், வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கும் காவல் இல்லை என்பதைத்தான் நாங்கள் இந்தக் கதையில் கேட்கிறோம்.

மகாபாரதத்தின் கடைசியில் தருமரும் இதே வாசலில்தான் நிற்கிறார். கூடப் பிறந்தவர்களும் பாஞ்சாலியும் வழியில் விழுந்துவிட, ஒரு நாய் மட்டும் பின்னால் வருகிறது. நாயோடு வருபவருக்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்று இந்திரன் விதி சொல்கிறான். அப்படியானால் எனக்கும் வேண்டாம், நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்கிறார் தருமர். அந்த நாய்தான் தருமதேவதை என்று பிறகு தெரிகிறது.

மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள்

இது தமிழருக்கு மட்டும் உள்ள யோசனை இல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் கேட்டோ விவசாயம் பற்றி ஒரு கைநூல் எழுதினார். அதில் உழவு மாட்டுக்கு நோய் வராமல் இருக்க ஒரு மருந்து: உப்பு, லோரல் இலை, பூண்டுத்தாள், கரி என்று ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாகச் சேர்த்துத் திராட்சை ரசத்தில் கலக்க வேண்டும். சேருமானத்தைவிட அதோடு வரும் விதிகள்தான் எங்களைப் பிடித்தன. மருந்து கொடுப்பவர் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். மாடும் நிற்க வேண்டும், கொடுப்பவரும் நிற்க வேண்டும். அதாவது மாட்டுக்குக் காவல் வேண்டுமானால், மாட்டுக்குரிய கட்டுப்பாட்டில் மனுசரும் பாதியை ஏற்க வேண்டும். 'நாய் விரதம் இருக்குமா' என்று கோயிலடியில் கேட்டவருக்கு இது ஒரு பதில். நாய்க்குப் பதிலாக நாம் இருக்கலாம்.

நம் பக்கத்துக் கிராமங்களில் ஓதும் பிரித்திலும் ஒன்று இருக்கிறது. பாலி மொழியில் உள்ள 'கந்த பரித்த', பாம்புக்கடியிலிருந்து காப்பதற்கான ஓதல். பாம்பே வராதே என்று விரட்டுவதற்கு முன்னால், நான்கு பாம்புக் குலங்களுக்கும் அன்பைச் சொல்லித்தான் அது தொடங்குகிறது. காலில்லாதவை, இரண்டு கால், நான்கு கால், பல கால் உள்ளவை என்று எல்லா உயிருக்கும் அந்த அன்பை விரிக்கிறது. அதன் பிறகுதான் எனக்குத் தீங்கு செய்யாதீர் என்ற வேண்டுதல் வருகிறது. தனக்குக் காவல் கேட்பவர் முதலில் மற்றதற்குக் காவல் கொடுக்க வேண்டும்.

தகர வில்லை

இனி டிக்கோயாவுக்கு வருவோம். எல்லைக்குக் காப்பு என்று பழகிய சனம், இங்கே இன்னொரு விதமான காவலுக்குள் வந்து விழுந்தது.

வந்த பாதையே எல்லையில்லாத பாதை. கடல் கடந்து தலைமன்னார், மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலை ஏற வேண்டும். ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல்தான். கொலராவும் அம்மையும் பட்டினியும் அந்தப் பாதையில் எத்தனையோ பேரைத் தின்றன. ஊர்க்கோயில் மண்ணைப் பிடிமண்ணாக முடிந்துகொண்டு வருவது நம் சனத்தின் வழக்கம். அந்த மண்ணை வைத்த இடம் புதிய எல்லை. இங்கே வந்த பிறகு பழைய மாரியம்மனோடும் முனியாண்டியோடும் புதிய சாமிகளும் சேர்ந்தன. ஸ்டோரில் சுற்றும் பெரிய சக்கரத்துக்கு ரோதை முனி, கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துச் சாமி. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு காவலை நிறுத்தியிருக்கிறார்கள்.

தோட்டத்து நிர்வாகத்தின் காவல் வேறு மாதிரி. அது எல்லையைப் பார்க்கவில்லை, பேரேட்டைப் பார்த்தது. பிரட்டில் பெயர் இருந்தால் அரிசி, இல்லையென்றால் இல்லை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென்று 1872இலேயே ஒரு சட்டம் வந்தது உண்மைதான். அந்தக் கவனிப்பும் வேலைக்கு உதவும் உடம்பு என்ற கணக்கில்தான் வந்தது.

இதில் ஒரு விசயம் எங்களை உலுக்கிவிட்டது. 1901 வாக்கில் 'டின் டிக்கட்' முறை வந்தது. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தகர வில்லை. அதில் எந்தத் தோட்டம், எந்த இலக்கம் என்று பொறித்திருக்கும். ஆள் வழியில் தொலைந்துபோகாமல், போய்ச்சேர வேண்டிய தோட்டத்துக்குச் சேர்ப்பிக்கவும், செலவை அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதவும் அந்த வில்லை. அதே 1901இல் இலங்கையில் இன்னொரு சட்டமும் வந்தது: நாய்களைப் பதிவு செய்யும் சட்டம், 25ஆம் இலக்கம். அதற்கு எட்டு வருசம் முன்னால், 1893இல், விசர்நாய் நோய்க்கான 7ஆம் இலக்கச் சட்டம். சொந்தக்காரர் பெயரில் பதிவான நாய்க்குத்தான் உயிர் வாழ இடம். உரிமை கோர ஆளில்லாமல் அலையும் நாயைக் கொல்லலாம்.

ஒரே காலத்தில், ஒரே ஆட்சியில், ஆளுக்கும் நாய்க்கும் ஒரே கேள்வி: நீ யாருடையது? உனக்கு இலக்கம் என்ன?

மனுசரையும் நாயையும் ஒன்றாக்கிப் பேசுகிறோம் என்று யாரும் கோபப்பட வேண்டாம். ஒன்றாக்கியது நாங்கள் இல்லை. அப்பாயியின் விதியும் ஆளையும் நாயையும் ஒரே வட்டத்தில்தான் வைக்கிறது. வித்தியாசம் வட்டத்தின் வாசலில். அங்கே கேட்கும் கேள்வி 'நீ யாருடையது' இல்லை, 'ராத்திரி எங்கே படுக்கிறாய்' என்பது.

இந்தக் கேள்வியைத்தான் நாடு கேட்டிருக்க வேண்டும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் படுத்து எழும்பியவர்களிடம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்குத் துண்டு கேட்டார்கள். காட்ட முடியாத லட்சக்கணக்கானோர் வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரண்டு நாடுகள் பங்கு போட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

எங்களில் ஒருவரின் வீட்டில் இன்றும் சொல்லும் கதை இது. எழுபதுகளில் பெரிய தாத்தாவின் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. பசுவைப் பக்கத்துக் காம்பராக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாயைக் கொடுக்க முடியவில்லை, அது யாரிடமும் நிற்கவில்லை. லொறி புறப்படும் முன் பெரிய பாட்டி வாசலில் கட்டியிருந்த காய்ந்த வேப்பிலைக் கொத்தை அவிழ்த்து நாயின் கழுத்தில் கட்டிவிட்டாராம். வாசல் இனி எங்களுடையது இல்லை, அதில் இருந்த காவல் உனக்கு என்று. லொறி போன பிறகும் நாய் அந்தப் பூட்டின காம்பராவின் முன்னாலேயே கிடந்தது. புதுக் குடும்பம் வந்தபோது அவர்களுக்கு வாலாட்டியது. அந்தப் புதுக் குடும்பம்தான் மணியை வளர்த்த வீடு. அப்பாயி அன்றைக்குப் புதுமருமகளாக அந்த லயத்துக்கு வந்தவர்.

மணிக்கு நடந்தது

காப்புக் கட்டி இரண்டு வாரம் இருக்கும். பீலியடியில் எங்கிருந்தோ வந்த ஒரு நாய் மணியோடு சண்டை போட்டுக் கடித்துவிட்டு ஓடிவிட்டது. மணியின் காதோரம் காயம். வீட்டில் மஞ்சள் வைத்தார்கள். ஒருவர் மந்திரித்துத் திருநீறு போட்டார். "கழுத்துல காப்புக் கெடக்குல்ல, ஒண்ணும் ஆகாது" என்றும் ஒரு பேச்சு வந்தது. நாங்களும் அங்கேதான் இருந்தோம். புத்தகம் படிக்கிறோம், கட்டுரை எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

மணிக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. யாருக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. ஊசி போட வந்த நாள் வேலை நாள், நேரம் காலை பத்து மணி. அம்மாவும் அப்பாவும் மலையில். பிள்ளை பள்ளிக்கூடத்தில். அப்பாயியால் மணியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

அடுத்து ஐந்து வாரம் மணி நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் சோற்றைத் தொடவில்லை. மூலையில் போய் இருந்தது. கூப்பிட்டால் உறுமியது. அதற்கு முந்தின நாள்தான் அந்தப் பிள்ளை மணிக்குப் பிஸ்கட் கொடுத்து, அது அவள் கையை நக்கியிருந்தது. கையில் கொழுந்துச்செடி கீறின சிராய்ப்பு. மூன்றாம் நாள் மணி செத்துப்போனது. தலையைக் கொழும்பு எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார்கள். விசர் என்று பதில் வந்தது.

பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. மணி உறுமிய அன்றே சவர்க்காரம் போட்டுக் கால்மணி நேரம் கையைக் கழுவி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். இந்தத் தடவை வாய் திறந்தோம். ஊசி முழுவதும் போட்டாயிற்று. அவள் இப்போது நன்றாக இருக்கிறாள்.

1885 ஜூலை 6இல் பரிசில் லூயி பாஸ்டர் இந்த ஊசியை முதல்முதலில் போட்டதும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத்தான், ஜோசப் மைஸ்டர் என்ற பையனுக்கு. அதற்கு முன் விசர்நாய் கடித்தால் பல இடங்களில் மந்திரமும் சூடு போடுவதும்தான். ஏன் இவ்வளவு காலம் மக்கள் மந்திரத்தை நம்பினார்கள் என்று கேட்கலாம். கடித்த எல்லா நாயும் விசர்நாய் இல்லை. விசர்நாய் கடித்த எல்லாருக்கும் நோய் வருவதும் இல்லை. அதனால் மந்திரித்தவர்களில் பலர் பிழைத்தார்கள், மந்திரம் பெயர் வாங்கியது. நோயின் குறி தெரிந்த பிறகோ மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. கிட்டத்தட்ட எல்லாரும் சாவார்கள். இன்றைக்கும் உலகில் வருசத்துக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாவதாக மதிப்பிடப்படுகிறது. 100க்கு 99 பேருக்கு நோய் வந்தது நாயிடமிருந்து.

அப்பாயியின் விதிதான் சரி

இந்த இடத்தில் 'எல்லாம் மூடநம்பிக்கை, கயிற்றை அறுத்துப் போடு' என்று கட்டுரையை முடிப்பது சுலபம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்றது அப்பாயியின் விதி இல்லை, கயிற்றை நம்பிய இரண்டாவது வாசிப்பு. கயிறு கழுத்தில் இருக்கிறது, ஆகவே காவல் இருக்கிறது என்று நினைத்தோம். எல்லையைக் காக்க நாம் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

விசர்நோய் விசயத்தில் விஞ்ஞானம் சொல்வதும் எல்லைக் காப்புதான். மனுசருக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் போகாது. ஒரு பகுதியின் நாய்களில் 100க்கு 70க்காவது தடுப்பூசி இருந்தால் நோய் அங்கே பரவ முடியாமல் அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மிச்சம் 30 நாய்க்கும் சேர்த்துத்தான் காவல். பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். சொந்தக்காரர் இல்லாத நாயை அதனால்தான் விட்டுவிட முடியாது. அண்ணன்மார் பொன்னாச்சியை விட்டுவிட்டுப் போன மாதிரி ஆகிவிடும்.

நாட்டின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. சட்டம் வந்த 1893இலிருந்து நூறு வருசத்துக்கு மேல் அலையும் நாயைக் கொன்றுதான் பார்த்தார்கள். 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நோயில் செத்தார்கள். எழுபதுகளின் நடுவிலிருந்து நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி போட ஆரம்பித்த பிறகுதான் அந்த எண்ணிக்கை சரிந்து சரிந்து, பிந்திய வருசங்களில் இரண்டு இலக்கத்துக்குள் வந்தது. 2006இலிருந்து நாய்களைக் கொல்வதில்லை என்பதே அரசின் கொள்கை. 'நீ யாருடையது' என்று கேட்ட சட்டம் செய்ய முடியாததை, 'நீ இங்கேதானே படுக்கிறாய்' என்று எல்லா நாய்க்கும் போட்ட ஊசி செய்தது.

போன வருசம் நாங்கள் சிலர் போய், ஊசி போடுவதை ஞாயிற்றுக்கிழமையில் வைக்க முடியுமா என்று கேட்டோம். இரண்டு மூன்று தடவை அலைந்த பிறகு சரி என்றார்கள். பிரட்டுக்களத்தில் வைத்தோம். முதல்நாள் ராத்திரி லயம் லயமாகப் போய்ச் சொன்னோம். வீட்டு நாய்கள் வந்தன. ஸ்டோர் பக்கம் திரியும் நாய்களைப் பிடிக்கப் பையன்கள் சாக்கும் பாணும் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை. இந்த வருசமும் போக வேண்டும்.

ஊசி போட்ட நாய் எது, போடாதது எது என்று அடையாளம் வைக்க ஏதாவது கட்ட வேண்டியிருந்தது. கொண்டுவந்த நாடா பாதியிலேயே தீர்ந்துபோயிற்று. அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கண்டு மஞ்சள் கயிறு எடுத்துவந்தாள். ஊசி போட்டு முடிய முடிய ஒவ்வொரு நாய்க்கும் அவளே கட்டினாள். பூசாரியும் வந்திருந்தார், தன் வீட்டு நாயைப் பிடித்துக்கொண்டு. அவர் நாயின் முறை வந்தபோது அவள் கயிற்றை அவரிடமே நீட்டினாள்.

"இப்ப கட்டலாம் தாத்தா."

அவர் கட்டினார்.